போலிருக்கு

ஹட்டனிலிருந்து டிக்கோயா வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், தீப்பிடித்த வீட்டைப் பார்த்து "கொஞ்சம் வெளிச்சமா இருக்காப்ல தோணுதுங்க" என்று சொல்லக்கூடியவன் ஒருவன்தான் கிடைப்பான். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருந்தான். 'போலிருக்கு' என்று அவனுக்குப் பெயர் வைத்தவள் நான்தான்.

ஜப்பானில் வயசாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போக, ஹட்டனில் அந்தப் பாஷை படித்துக்கொண்டிருந்தான். அங்கே மரியாதையான இடத்தில் "நான் நினைக்கிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தக் கூடாதாம். "அப்படி நினைக்கப்படுகிறது" என்று ஒதுங்கி நின்று சொல்ல வேண்டுமாம். பழக்கம் விட்டுப்போகாமலிருக்கத் தமிழிலும் அப்படியே பேசினான்.

ஒரு நாள் குழம்பு கொடுத்து, "எப்படிடா இருக்கு?" என்றேன்.

"உப்பு இன்னும் கொஞ்சம் தயங்கியிருக்கலாமோன்னு எண்ணப்படுதுங்க பெரியம்மா."

"யாருடா எண்ணுறது?"

"பொதுவா..."

"நீ ஒருத்தன்தானடா தின்னுக்கிட்டு இருக்க!"

அப்புறம் எங்கள் மலையில், கொழுந்தெடுக்கும் இடத்துக்கு மேலேயே ஒரு மரத்தில் குளவி கூடு கட்டியது. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை நிறையப் பார்த்தவள் நான். என் மருமகளுக்கும் அங்கேதான் வேலை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கே போய்க் கத்தினேன்.

மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "எங்க ஆள் போடணும்னு நீ எனக்குச் சொல்றியா? இன்னைக்கும் அதே மலைதான்!"

வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த போலிருக்கு நின்றான். இடுப்பு ஒடிய ஒரு கும்பிடு போட்டான்.

"ஐயா, அந்த மரத்துல யாரோ குடிவந்திருக்காப்ல பேசப்படுதுங்க. ஐயா கண்ணு அங்க பட்டா நல்லா இருக்குமோன்னும் நினைக்கப்படுதுங்க."

"யாரு நினைக்கிறது?"

"இன்னாருன்னு சொல்ல முடியாத மாதிரி இருக்குங்க."

கண்டாக்கையா சுற்றுமுற்றும் பார்த்தார். கோபப்பட ஆள் இல்லை. விறுவிறுவென்று மலைக்குப் போனார். திரும்பி வரும்போது தொப்பி இல்லை, ஓட்டம் மட்டும்தான் இருந்தது.

"ஒருத்தரும் அந்தப் பக்கம் போகக் கூடாது! குளவிக்கூடு! நானே கண்டுபிடிச்சேன்!"

"அப்படித்தான் தெரியுதுங்க" என்றான் போலிருக்கு.

அன்று சாயங்காலம் என் மருமகள் ஒரு கொட்டுக்கூட இல்லாமல் வீடு வந்தாள்.

அவன் ஜப்பானுக்குக் கிளம்பிய நாள், பஸ் வரும்வரை கூடவே நின்றேன். யார் முன்னாலும் அழுது எனக்குப் பழக்கமில்லை.

"லயம் கொஞ்சம் வெறிச்சுன்னு ஆயிருமோன்னு எண்ணப்படுதுடா."

"யாரு பெரியம்மா எண்ணுறது?"

"பொதுவாத்தான்டா" என்றேன்.

அடுத்த லீவுக்கு வருகிறானாம். குழம்பில் உப்பைக் குறைத்து இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன்.