தர்பூசணியின் தகப்பன்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, அரபு நாட்டு அம்மான் நகரத்துப் பசி ஒரு மனுஷனை என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன். அவன் பசி அல்ல, ஊர்ப்பசி!

வெள்ளிக்கிழமை மதியம். ஜும்மா தொழுகை முடிந்து ஊரே மன்சஃப் என்கிற ஆட்டுக்கறிச் சோற்றுத் தட்டுக்குக் காத்திருந்தது. சாப்பாடு கொண்டுசேர்க்கும் ‘தன்ஜரா’ செயலியின் மேலாளர் ஹைதம் மட்டும் நெருப்பை மிதித்தவன்போலக் குதித்துக்கொண்டிருந்தான்.

வெளியாட்களும் நிரல் எழுதிச் சேர்க்கலாம் என்று தன்ஜரா கதவைத் திறந்துவைத்திருந்தது. அப்படி வந்தவர்தான் ‘அபூ பத்தீக்’, அதாவது தர்பூசணியின் தகப்பன். முகம் தெரியாது, நிஜப் பெயரும் தெரியாது. அவருடைய நிரலில், "பேக்கரிக்குப் பின்னால, நீல வாசல்" என்று வாயால் சொன்னால் போதும், சோறு வந்துவிடும். அம்மானில் தெருப் பெயர் யாருக்குத் தெரியும்? ஒரே மாதத்தில் ஆர்டர் இரட்டிப்பு!

"அந்த ஆள் நாளைக்கு நம்ம எதிரிக் கம்பெனிக்குப் போயிட்டா?" என்று காலையில் முதலாளி ஸுஹா கேட்டதும் ஹைதமுக்கு வேர்த்தது.

"இன்னிக்கே அதை நம்ம சொந்த நிரலா மாத்திடறேன் மேடம்!"

வெளியாட்கள் நிரல் சேர்க்கிற கதவைச் சாத்தினான். தன் ஆட்களை வைத்து அவசரமாக ஒரு நகல் போட்டான். அந்த நகலுக்கு ஊரில் ஒரே ஒரு பேக்கரிதான் தெரிந்திருந்தது.

புகார் கேட்கும் லமீஸ் ஓடிவந்தாள். "உஸ்தாத், நாப்பது தட்டு மன்சஃப் ஒரே பேக்கரி வாசல்ல நிக்குது! கல்யாணம் யாருக்குன்னு பேக்கரிக்காரர் கேக்கறார்!"

"தெருப் பேருக்கே மாத்துங்க!"

மாற்றினார்கள். இப்போது டெலிவரிக்காரர்கள் போனில் கத்தினார்கள்.

"யா ஹைதம், இந்தப் பேர்ல தெரு இருக்குன்னு அந்தத் தெருவுல குடியிருக்கறவனுக்கே தெரியல!"

அடுத்து ஸுஹாவின் போன். "எங்க அத்தை வீட்டுக்கே சோறு வரல. ஒரு மணி நேரத்துல சரியாகலன்னா உன் நாற்காலியில வேற ஆள்!"

ஹைதம் அபூ பத்தீக்குக்கு எழுதினான்: "ஐயா, தப்புதான். காப்பாத்துங்க."

"கதவைத் திறங்க. மீதியை நான் பாத்துக்கறேன்" என்று உடனே பதில் வந்தது.

திறந்தான். ஐந்தே நிமிடம்! நாற்பது தட்டும் நாலா பக்கமும் பறந்தன. அத்தை வீட்டுக்கு முதல் தட்டு! அலுவலகமே கைதட்டியது.

"அவரை உள்ளே கொண்டுவா. கேட்ட சம்பளத்தைக் குடு. அவர் வரலன்னா நீயும் வராதே!" என்றாள் ஸுஹா போனில்.

"எங்க கம்பெனிக்கே வந்துடுங்க ஐயா!" என்று எழுதி அனுப்பினான். பதிலே இல்லை. "எந்த நாட்டுல இருக்காரோ, எப்படிப் பிடிப்பேன்!" என்று தலையில் கை வைத்தான்.

புகார்ப் பட்டியலை மேஜையில் வைத்துவிட்டு லமீஸ் சொன்னாள்: "நாலு வருஷமா உள்ளதான் இருக்கேன் உஸ்தாத். இந்த யோசனையை உள்ளேருந்து மூணு தடவை சொன்னேன், நீங்க காதுலயே வாங்கல. அதான் வெளியே போய், தர்பூசணியோட தகப்பனாச் சொன்னேன்."

உங்கள் வீட்டுக்கு வழி கேட்டு வருகிற சோறும் சேதியும் சூடு ஆறாமல் வந்து சேரட்டும், கண்ணுகளா.