கோளதிபதியைக் கவிழ்ப்பது எப்படி?

"நாற்பதாயிரம் ஜனம் இருக்கு. இவன் ஒரே ஒரு ஆள். அவன் கையில ஒரே ஒரு குழாய். நாலு பேர் சேர்ந்து பிடிச்சுத் தள்ளினா கதை முடிஞ்சுது. இதுக்கு எதுக்குய்யா இத்தனை எபிசோட்?"

கதைக் காகிதங்களை மேசையில் ஓங்கி அடித்தாள் லாஜிக் அக்கா. டைரக்டரின் டீக் கோப்பை ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் அந்த ஸ்டூடியோவில் வாசல் காவலர் தொடங்கி எல்லோருக்கும் அவள் லாஜிக் அக்காதான். தொடர்களின் கதையில் ஓட்டை தேடிப் பிடித்து அடைப்பது அவள் உத்தியோகம். இந்த முறை வந்து மாட்டியது 'குமிழி நகரம்'. காற்றே இல்லாத ஒரு கோளில், கண்ணாடிக் குமிழிக்குள் குடியிருக்கும் ஜனங்கள். அவர்கள் மூச்சு விடுகிற காற்றைக் குழாயில் திறந்துவிடுகிறவன் கோளதிபதி. அவனைக் கவிழ்க்கப் போகிறவன் ஹீரோ. வாரா வாரம் படப்பிடிப்பு, அந்த வாரமே ஒளிபரப்பு.

"அக்கா, அவன் வில்லன். கெட்டவன். அது போதாதா?" என்றான் வசனகர்த்தா. மூன்று நாள் கண் விழித்து எழுதிய கடுப்பு அவனுக்கு.

"கெட்டவனா இருந்தா மட்டும் போதுமா? நாற்காலியில உட்கார்றவனுக்குக் கொஞ்சமாவது மூளை வேண்டாம்? எல்லாருக்கும் ஒரே நேரத்துல காத்தை நிறுத்தினா எல்லாரும் ஒண்ணா சேர்ந்துடுவாங்கன்னு கூடவா தெரியாது? ஜனங்க காதுல பூ சுத்தாதீங்க!"

"சரி, நீங்களே சொல்லுங்க. அவன் என்ன பண்ணணும்?"

"தெருவுக்கு இடது பக்கம் காலையில காத்து. வலது பக்கம் சாயங்காலம். அப்புறம் பாரு, ஒருத்தனும் கோளதிபதியைத் திட்டமாட்டான். எதிர்வீட்டுக்காரனைத்தான் திட்டுவான்."

டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். அக்கா முகத்தில் சிரிப்பே இல்லை. அநியாயம் பண்ணுகிறவன் அதையாவது உருப்படியாகப் பண்ணித் தொலைக்க வேண்டாமா என்பது அவள் கட்சி.

அந்த எபிசோட் ஓஹோவென்று ஓடியது.

கொஞ்ச நாள் கழித்து அக்கா ஒரு மணி நேரம் தாமதமாக ஸ்டூடியோவுக்கு வந்தாள். தலை எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"எங்க தெருவுல தண்ணியை ரெண்டாப் பிரிச்சுட்டானுங்க பாவிங்க! எதிர்ப்பக்கத்துக்குக் காலையில, எங்களுக்குச் சாயங்காலம். எதிர்வீட்டுக்காரி இத்தனை வருஷமா எங்கிட்ட உயிரா இருந்தவ. இன்னைக்கு நான் பார்க்கணும்னே வாசலைக் குடம் குடமா ஊத்திக் கழுவுறா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவ குடத்தைப் பிடுங்கி உடைச்சிருப்பேன்!"

வசனகர்த்தா மெய்மறந்து போனான். "அக்கா, நீங்க சொன்ன காட்சி எவ்வளவு யதார்த்தம் பாருங்க!"

"யதார்த்தமாவது மண்ணாவது! உலகம் பூராக் கெட்டவங்களுக்கு ஒரே புத்திய்யா. அது கிடக்கட்டும், இந்த வாரம் என்ன எழுதியிருக்கே?"

இந்த வாரம் ஹீரோ கோளதிபதியின் அரண்மனைக்குப் போய்ப் புகார் கொடுக்கிறான். கோளதிபதி அவனைத் தூக்கி உள்ளே போடுகிறான். அக்கா அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உள்ளே போட்டா அவன் தியாகி ஆயிடுவானே! புகார் கொடுத்தவனை ஒண்ணும் பண்ணக் கூடாது. அவன் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காத்தைக் குறைக்கணும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரனே பார்த்துப்பான்."

"அக்கா, பயமா இருக்கு உங்களைப் பார்த்தா."

"எனக்கு அந்தத் தண்ணி ஆபீஸ்காரனைப் பார்த்தா வயிறு எரியுது. எழுதுய்யா!"

இதற்குள் தெருவில் நிலைமை முற்றிவிட்டது. ஒரு நாள் காலை அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு தண்ணீர் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். கணவர் ஓடிவந்து வாசலை மறித்தார்.

"வேணாம்மா, சொன்னாக் கேளு. ஒரு வீட்டுக்காரங்க புகார் கொடுத்தா, சோதனைன்னு சொல்லி அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் ரெண்டு நாள் நிறுத்திடுறாங்களாம். போன வாரத்துலேருந்து இதுதான் புது நடைமுறை."

அவர் பேசி முடிப்பதற்குள் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசல் கேட் அருகே வந்து நின்றுவிட்டார்கள். "அம்மா, தாயே! உங்க கோபத்துக்கு எங்க குழாயைக் காய வெச்சிடாதீங்க!" ஒருவர் கும்பிட்டார். இன்னொருவர் கும்பிடவில்லை, கையில் ஒரு தடி வைத்திருந்தார்.

அக்கா செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, அந்த ஆத்திரத்தை அப்படியே ஸ்டூடியோவுக்குச் சுமந்து போனாள். அன்று கோளதிபதிக்கு இரண்டாவது குழாய் ஒன்று ரகசியமாகப் பொருத்தப்பட்டது. ஹீரோ ஒன்றை உடைத்தால் இன்னொன்று இருக்கும். அதோடு விட்டாளா? வெள்ளிக்கிழமைதோறும் அரை மணி நேரம் காற்று கூடுதலாக விடச் சொன்னாள்.

"பறிச்சதுல கொஞ்சூண்டு திருப்பிக் கொடுத்தாப் போதும். ஜனங்க மாலையோட வருவாங்க."

"இதை யாரு நம்புவாங்கக்கா?" என்றான் வசனகர்த்தா.

நம்பாமல் என்ன? அடுத்த மாதமே அவள் தெருமுனையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஒரு பேனர் தொங்கியது. 'வெள்ளிக்கிழமை கூடுதல் தண்ணீர் தந்த நல்லிதயங்களுக்கு நன்றி!' கீழே வரிசையாகத் தெரு ஜனங்களின் கையெழுத்து. நடுவில் அவள் கணவருடையது, கொஞ்சம் கொட்டை எழுத்தில்.

"வெட்கமா இல்ல உங்களுக்கு?" என்று பொரிந்து தள்ளினாள். "நம்ம தண்ணியைப் பிடுங்கி நமக்கே பிச்சை போடுறான். அதுக்கு நன்றியா?"

"எல்லாரும் போட்டாங்கம்மா. நான் மட்டும் போடலைன்னா நல்லாவா இருக்கும்?"

அன்று இரவு அவர் தட்டில் பழைய சோறுதான் விழுந்தது.

கதை கடைசி எபிசோடை எட்டியபோதுதான் பூதம் கிளம்பியது. டைரக்டர் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"திங்கட்கிழமை ஷூட்டிங். ஹீரோ ஜெயிச்சே ஆகணும்னு சேனல்ல சொல்லிட்டாங்க. எப்படி ஜெயிப்பான்?"

"குழாயை உடைப்பான்."

"ரெண்டாவது குழாய் இருக்கு. நீங்க வெச்சதுதான்."

"ஜனங்களைச் சேர்ப்பான்."

"அவங்க ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கிறதில்ல. அதுவும் நீங்க பண்ணினதுதான்."

"அப்ப, புகார்..." என்று ஆரம்பித்தவள் தானே நிறுத்திக்கொண்டாள். ஓட்டை அடைத்த கையல்லவா, ஒரு பொத்தலைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

"ஓட்டையை அடைச்சது நீங்க. திறக்க வேண்டியதும் நீங்கதான் மேடம். முடியலைன்னா வேற இடத்துல வேலை பார்த்துக்குங்க."

இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். கோளதிபதியை எந்தப் பக்கம் தள்ளினாலும், தஞ்சாவூர்ப் பொம்மை கெட்டது, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்த்தே சிரித்தான். கடைசியில் ஒரு யோசனை வந்தது. கதையில் ஓட்டை கிடைக்காவிட்டால் நிஜத்தில் தேடுவோம். தண்ணீர் அலுவலகத்துக்கு நேரே போவோம். அங்கே இருக்கிறவன் மனுஷன்தானே, எங்கேயாவது கோட்டை விட்டிருப்பான். அதைப் பிடித்தால் ஹீரோவும் பிழைப்பான், உத்தியோகமும் பிழைக்கும், வீட்டுக்குத் தண்ணீரும் வரும்.

தடிக்காரர் கண்ணில் படாமல் கொல்லைப்புறமாகக் கிளம்பினாள்.

அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. முன்பெல்லாம் கூச்சலும் தள்ளுமுள்ளுமாக இருக்கும் இடம். இப்போது பெஞ்சுகள் பளபளவென்று காலியாகக் கிடந்தன. கவுண்டருக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா வேணும்?"

"நியாயம் வேணும்!" என்று கவுண்டரில் ஓங்கி அடித்தாள். அங்கேயும் டீ துள்ளியது. "அண்டை வீட்டோட சண்டை மூட்டிவிட்டு, புகார் கொடுக்க வந்தா அடுத்தவன் குழாயை மூடி, எங்க தண்ணியையே எங்களுக்குத் தானம் பண்ணி... இது மனுஷன் மூளையில உதிக்கிற திட்டமா? இதை யோசிச்ச மகானுபாவன் யாருன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

குமாஸ்தா அசரவில்லை. "பேரு, விலாசம், எங்க வேலைன்னு சொல்லுங்க. சோதனைக்கு எழுதிக்கிறேன்."

"நல்லா எழுதிக்கோங்க! 'குமிழி நகரம்' தொடர்ல கதையைச் சரிபார்க்கிறவ நான்!"

குமாஸ்தாவின் பேனா நின்றது. டீக் கோப்பையை வைத்துவிட்டுத் துள்ளி எழுந்தார். ஒரு நாற்காலியைத் தோள் துண்டால் தட்டித் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினார். உள்ளறைப் பக்கம் திரும்பி, "சார், சார், அவங்களே வந்திருக்காங்க!" என்று கத்தினார். பிறகு அவளிடம் குனிந்து, கைகூப்பிச் சொன்னார்:

"அடுத்த வாரம் என்ன வருதுன்னு கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிடுங்கம்மா, ஒவ்வொரு தடவையும் டி.வி.யில பார்த்துட்டு மறுநாளே உத்தரவு போடுறதுக்குள்ள எங்களுக்கு உயிர் போய் உயிர் வருது."