ஃபைவிஷ் அடுப்பில் வெந்த வாத்து

"ஃபைவிஷ், அடுப்பைத் திற!"

ரொட்டிக்காரர் ஃபைவிஷ் அடுப்புக் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். ஆவ் மாத நோன்பு நாள். பழங்காலத்தில் தங்கள் கோயில் இடிந்த துக்கத்தில் ஆல்டோனாவின் யூதத் தெருவே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், செருப்பில்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறது. இவர் அடுப்பிலோ வாத்து வேகும் வாசனை!

இன்றைக்கு விருந்து சாப்பிடுகிறவர்கள், இந்தத் துக்க நாளையே திருநாளாக்கிய பொய் மீட்பரை ரகசியமாகக் கும்பிடும் கூட்டத்தார் மட்டும்தான். மாட்டினால் ஊர்விலக்கு. அப்புறம் இவர் ரொட்டியை நாய்கூடச் சீந்தாது. அடுத்த வாரம் மகள் கல்யாணமும் நின்றுபோகும்.

தெருக்காரர்கள் புகார் சொல்ல, யூத மன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஊர் மதகுரு ரப்பி கலோனிமஸைக் கையோடு கூட்டிவந்திருந்தார்கள். மதத்துரோகிகளை மோப்பம் பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அடுப்பிலிருந்து வெளியே வந்தது, மாவு பூசி மூடிய ஒரு மண்சட்டி.

"யாரோடதுடா இது?" என்றார் ஒரு நீதிபதி.

தெருவே இந்த அடுப்பில்தான் சட்டி வைக்கும். 'தெரியாது' என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"எம் பொண்டாட்டிக்குங்க. படுத்த படுக்கையாக் கெடக்கா. நோயாளி சாப்பிடலாமில்ல?"

அந்த நேரம் பார்த்து மனைவி ஹெந்தல் மாவு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்தாள். "யாருங்க படுத்த படுக்கை?"

"இல்ல... நாளைக்குக் காலையில சாப்பிட வச்சேன்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கறி ஆகாதுன்னு தெரியாதா? இல்ல, உங்க கூட்டத்துல அதெல்லாம் கிடையாதா?" என்றார் நீதிபதி.

"ஐயோ, கூட்டமா! சத்தியமா இது வாத்தே இல்லீங்க. அவரைக்கொட்டை!"

நீதிபதி சட்டியருகே குனிந்தார். பட்டினி வயிறு உறுமியது. "அவரைக்கொட்டை எப்படா இப்படி மணந்துச்சு? ஒடைங்கய்யா சட்டியை!"

"உடைக்காதீங்க!" ரப்பி பாய்ந்து தடுத்தார். "அது சாட்சிப் பொருள். சூடு ஆறாம என் வீட்டுக்குக் கொண்டுபோங்க."

என்ன நிதானம் என்று நீதிபதிகள் வியந்தார்கள். ஊர்விலக்குச் சடங்குக்குக் கறுப்பு மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. அதை ஊதி அணைத்தால் ஃபைவிஷ் கதை முடிந்தது. ஹெந்தல் ஓவென்று அழுதாள். ரப்பியின் காலில் விழுந்தார் ஃபைவிஷ். பாவம், நேற்றுப் பொழுது சாய்ந்ததிலிருந்து எச்சில்கூட விழுங்காத மனுஷன். ரப்பி ஊதுவதற்கு வாயைக் குவித்தார்.

ரப்பி வீட்டு வேலைக்காரி பிரைனா மூச்சிரைக்க ஓடிவந்து அவர் முன்னால் நின்றாள்.

"ஐயா, விடியக்காலம் நான் இங்க வச்சுட்டுப் போன சட்டி வெந்துடுச்சா? விருந்தாளிங்க எல்லாம் ஜன்னலைச் சாத்திக்கிட்டு, நீங்க வந்து மொதத் துண்டை எடுக்கணும்னு உக்காந்திருக்காங்க."