சம்பந்திக்குப் போட்ட சீசன் சாப்பாடு

வெளிநாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன் கையில் கரண்டியைக் கொடுக்கவே கூடாது. அந்தக் கரண்டியைப் பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஜெர்மனியில் எனக்கு வாய்த்த வீட்டுக்கார அம்மாள், அந்தந்தப் பருவத்தில் அக்கம்பக்கத்தில் விளைவதைத் தவிர வேறு எதையும் சமைக்க மாட்டார். காட்டோரம் முளைத்த கீரையைக்கூடப் பறித்து வந்துவிடுவார். மசாலா கிடையாது, காயின் ருசி தெரிய வேண்டுமாம். நான் மயங்கிப் போனேன். சிட்லபாக்கம் திரும்பியதும் வீட்டில் உபதேசம் ஆரம்பித்தேன். "தை மாசத்துல நம்ம ஊர்ல விளையறது என்னம்மா குறைச்சல், எதுக்கு ஊட்டி கேரட்?" என்பேன். அம்மா பாட்டுக்குக் கேரட்டை நறுக்குவாள்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை காயத்ரிக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பையன் கார்த்திக் அவளோடு வேலை செய்பவன். அவன் அப்பாவுக்குச் சம்மதம், அம்மாவுக்கு அரை மனசு. "முதல்ல அவா ஆத்தைப் பார்க்கறேன்" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மூவரும் சாப்பிட வருவதாக ஏற்பாடு. சமையல் என் பொறுப்பு என்று அறிவித்தேன்.

"அண்ணா, இது என் வாழ்க்கை. பேசாம கேட்டரிங்ல சொல்லிடலாம்" என்று காயத்ரி கெஞ்சினாள்.

"வாழ்க்கையை என்கிட்ட விட்டுடு" என்றேன் (நினைத்தால் இன்றும் கூசுகிறது).

காலையில் தாம்பரம் மார்க்கெட். கேரட், பீன்ஸ், கோஸ், உருளை எதையும் தொடவில்லை. வாழைக்காய், கொத்தவரங்காய், அவரைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு என்று அள்ளினேன்.

"இன்னா தம்பி, வூட்ல விசேசமா?" என்றார் கடைக்கார அக்கா.

"ஆமாக்கா, தங்கச்சி கல்யாணப் பேச்சு."

அவர் பையை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், அதற்குள் வேறு யாரோ தக்காளி கேட்க, அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

காம்பவுண்டுச் சுவரில் படர்ந்திருந்த பிரண்டையில் துவையல். கார்த்திக்கின் அம்மா, அந்த மாமி, வெங்காயம், பூண்டு சாப்பிட மாட்டார் என்பதால் அவை இல்லை. காயின் ருசி கெடாமல் இருக்க மிளகாய்க்குப் பதில் மிளகு. சர்க்கரை உடம்புக்கு ஆகாது, அதனால் வெல்லம் போட்டு எள்ளுருண்டை. அம்மா எட்டிப் பார்க்காமலிருக்க அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இலை போட்டு நானே பரிமாறினேன். மாமி இலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். எள்ளுருண்டை விழுந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு உங்காத்துல யாருக்குத் திவசம்?" என்றார்.

அம்மா அப்போதுதான் இலையைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தாத்தா திவசத்துக்கு வருஷா வருஷம் இதே சாப்பாட்டை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நான். வயிற்றுக்குத் தெரிந்தது மண்டைக்கு ஏறவில்லை.

"மாமி, ஜெர்மனியில..." என்று ஆரம்பித்தேன்.

"நீ வாயைத் திறக்காதே" என்றார் அப்பா.

காயத்ரி எழுந்து உள்ளே போனாள். தங்கை கல்யாணத்தை வாழைக்காய் போட்டுக் கெடுத்துவிட்டேனே என்று நிஜமாகவே எனக்கு அழுகை வந்தது.

"சேப்பங்கிழங்கு இன்னும் கொஞ்சம் போடுப்பா" என்று ஒரு குரல். கார்த்திக்கின் அப்பா. அவர் இலையில் பாதி காலி.

"என்னன்னா இது, கொஞ்சமாவது..." என்று மாமி பல்லைக் கடித்தார்.

"எங்கப்பா பேரைச் சொல்லி வருஷத்துக்கு ஒரு நாள்தான் இதையெல்லாம் கண்ணுல காட்டறே. எனக்குன்னு பண்றபோது சாப்பிட நான் இருக்க மாட்டேன். இன்னிக்கே சாப்பிட்டுக்கறேன், விடு."

மாமி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதல்ல மங்களமா ஒரு பாயசம் வைங்கோ, அப்புறம்தான் கை வைப்பேன்" என்றார். அம்மா அடுப்படிக்கு ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. கல்யாணச் சமையல் பக்கம் என்னை யாரும் அண்ட விடவில்லை. ஆனால் கார்த்திக்கின் அப்பா, அந்த மாமா மட்டும், என் வாழைக்காய்ச் சாப்பாட்டை விடுவதாக இல்லை. போன வாரம்கூடப் போன் செய்தார்.

"ரெண்டு மாசமாச்சேப்பா, என் திவசத்தை மறந்துட்டியா?"

பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது: "எனக்கும் சேர்த்தே பண்ணச் சொல்லுங்கோ."