மூன்றாம் அங்கத்து இருமல்

"இது உங்கப்பா இருமல்தான்" என்றார் ஒலிப்பதிவாளர், காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றாமலே.

"உலகத்துல எங்கப்பா ஒருத்தர்தான் இருமுறாரா?" என்றாள் மனைவி. அவள் காப்பியை வைத்த வேகத்தில் பாதி மேசைக்கு வந்துவிட்டது.

நூறு வருஷமாக யாரும் மேடையேற்றத் துணியாத பிரெஞ்சு ஆப்பரா அது. வசனமெல்லாம் பாட்டாகவே வரும் நாடகம்; ஐந்து அங்கம், மேடை நிறையப் பாடகர்கள், ஒரே ஒரு நிகழ்ச்சி. முந்தின நாள் அரங்கில் நடந்ததை அப்படியே நேரடியாகப் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட ஒரு நிறுவனம் முன்வந்திருந்தது. பதிவு சுத்தமாக இருந்தால் நம்மவருக்கு அங்கே நிரந்தர வேலை. இல்லையென்றால் பழையபடி கல்யாண வரவேற்புகளில் மைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

தொழிலில் அவருக்குப் பாம்புச்செவியார் என்று பெயர். மேடையைப் பார்க்கவே மாட்டார். அதற்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, காதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்வார். "கதை எதுக்கு? எனக்கு ஒலி போதும்" என்பார். பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது என்பதையும் ஏதோ பட்டம் வாங்கியது போலத்தான் சொல்லிக்கொள்வார்.

மூன்றாம் அங்கத்தில் பாடகி தனியாக, குரலைத் தாழ்த்தி, உருகி உருகிப் பாடுகிறாள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சரியாக அந்த இடத்தில், "லொக்!"

சளி கட்டின, மனசாட்சியே இல்லாத இருமல். மாமனாருக்கு இலவச அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தது வேறு இவர்தான்.

மாமனார் விசாரணைக்கு அழைக்கப்பட்டார்.

"மாப்பிள்ளை, நான் ரெண்டாவது அங்கத்துலயே தூங்கிட்டேன். சத்தியமா இருமல."

"தூக்கத்துல இருமினா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாமனார் முகம் வாடிப்போய், உள்ளே சென்று பெட்டியை எடுத்துவைக்க ஆரம்பித்தார். மனைவி பேச்சை நிறுத்திக்கொண்டாள். இரண்டில் இரண்டாவதுதான் ஆபத்து என்று பாம்புச்செவியாருக்குத் தெரியும். ஆனாலும் வேலை முக்கியம்.

இருமலை வெட்டி எடுத்தார். உடனே வேறொன்று துருத்திக்கொண்டு நின்றது. இருமலுக்கு அடுத்த நொடியே பாடகி 'வீல்' என்று அலறியிருந்தாள். இருமல் இருந்தவரை அந்த அலறலுக்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது அவள் காரணமே இல்லாமல் கத்தினாள்.

"பாவம், பயந்துட்டா" என்று இரக்கப்பட்டு அதையும் வெட்டினார்.

அதற்கு அடுத்தபடியாக முரசுகள் வந்தன. பாட்டைக் கெடுத்த ஆத்திரத்தில் வாத்தியக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து இடி இடித்திருந்தார்கள். "கோபம் வர வேண்டியதுதான், அதுக்காக இப்படியா?" என்று முணுமுணுத்தபடி அவர் முரசைக் குறைத்துக் குறைத்து, பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுகிற அளவுக்குக் கொண்டுவந்தார்.

பிறகு திபுதிபுவென்று காலடிச் சத்தம். இருமினவரைப் பிடிக்க மேடையை விட்டே இறங்கி ஓடியிருப்பார்கள் போலிருக்கிறது! பாம்புச்செவியாருக்கே மாமனாரை நினைத்துக் கொஞ்சம் பயமாகிவிட்டது. ஓட்டத்தையும் வெட்டினார்.

இப்போது பாட்டுக்கு நடுவே பெரிய ஓட்டை. அதை அடைக்க இரண்டாம் அங்கத்தின் முடிவிலிருந்து கைதட்டலைக் கொண்டுவந்து ஒட்டினார். கேட்டுப் பார்த்தால், கைதட்டலுக்கு அடியில் ஒரு குறட்டை. வீட்டில் தினமும் கேட்கிற குறட்டைதான், சந்தேகமே இல்லை.

"இருமலை எடுத்தா குறட்டை வருது! இவர் ஒருத்தரே ஒரு வாத்தியக் குழு" என்று தலையில் அடித்துக்கொண்டு, முதல் அங்கத்துக் கைதட்டலை எடுத்துப் போட்டார்.

அசல் பதிவு இருந்தால் என்றைக்காவது யாராவது கேட்பார்கள். இருமினது யார், சீட்டு கொடுத்தது யார் என்று பேச்சு வரும். அசலை அழித்தார். அதன் பிரதியையும் அழித்தார். அப்புறம்தான் ஆறிப்போன காப்பியைக் குடித்தார்.

மதியம் நிறுவனத்து மேலாளரம்மா வந்தார். நிகழ்ச்சியன்று அவர் வெளியூரில் இருந்தாராம். கூடவே இஸ்திரி போட்ட சட்டையில் ஓர் ஒல்லி மனிதர்.

"இவரும் அந்த ஆப்பராவுல இருந்தவர்தான். தன் பங்கைக் கேக்கணும்னு ஆசைப்பட்டார், கூட்டிட்டு வந்தேன்" என்றார் மேலாளரம்மா.

ஒல்லி மனிதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கைப்பேசியை எடுத்து, "அம்மாவுக்கு அனுப்பணும், பதிவு பண்ணிக்கட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் அங்கம் ஓடியது. பாடகி உருகினாள். கைதட்டல் பொழிந்தது. தொலைவில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"இங்க எதுக்குப் பாட்டுக்கு நடுவுல கைதட்டுறாங்க?"

"ஜனங்களால அடக்க முடியல மேடம்."

"ரொம்பச் சுத்தமா இருக்கு. ஒரு இருமல்கூட இல்ல பாருங்க! நாளைக்கே வேலையில சேர்ந்துடுங்க" என்றார் மேலாளரம்மா.

பாம்புச்செவியாருக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் பெட்டியோடு வண்டிக்குக் காத்திருந்த மாமனாரைப் பார்த்து, மன்னித்துவிட்ட தோரணையில் தலையசைத்தார். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒல்லி மனிதர் மட்டும் கைப்பேசியை நீட்டியபடியே இருந்தார்.

"என் பங்கு வரவே இல்லையேங்க?"

"அப்படியா? நீங்க எந்தப் பாட்டு பாடினீங்க?" என்று பெருந்தன்மையாகக் கேட்டார் பாம்புச்செவியார்.

"பாட்டெல்லாம் இல்லைங்க, திரைக்குப் பின்னால நின்னு இளவரசியோட ரகசியத்தை ஒட்டுக்கேக்குற ஒற்றன் நான், நான் இருமினாத்தானே அவ அலறுவா, முரசு கொட்டும், காவலாளிங்க ஓடிவந்து என்னைப் பிடிப்பாங்க!"