மேருவுக்குப் போன அதிரச டப்பா

கமலநாதனுக்கு ஒரு பைட்டு டேட்டாகூடக் கொடுப்பதில்லை என்று தைப்பூசத்தன்று சபதம் எடுத்தேன். பத்தொன்பது வருஷம் மெல்பர்னில் இருந்துவிட்டு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்பியவன் நான். கொள்கை இல்லாமல் எப்படி?

விஷயம் இதுதான். சின்ன வயதில் கிள்ளான் கடையொன்றில் சில்லறை போட்டு ஆடிய விமானச் சண்டை விளையாட்டு. அதைக் கணினியில் ஓடவைக்க இரண்டு ஃபைல் வேண்டும். ஒன்று, பூட்டிக் கிடக்கும் டேட்டா. மற்றது, பூட்டைத் திறக்கும் சாவி. நான் வாங்கிவைத்திருந்த, அந்த விளையாட்டு இயந்திரத்தின் பழைய சர்க்யூட் போர்டிலிருந்து டேட்டாவை எடுத்துவிட்டேன். சாவி கிள்ளான் பக்கத்து மேருவில், கமலநாதனிடம்.

பழைய விளையாட்டுகளை மீட்கும் எங்கள் இணையக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டையும் சேர்த்து முதலில் வெளியிடுபவர் பெயர் அறிவிப்பின் தலையில் ஏறும். மற்றவர் அடியில், நன்றி வரியில். நான் அடியில் கிடக்கப் பிறந்தவனா? போதாததற்கு, பிரேசிலில் ஒருவன் நெருங்கிவிட்டதாக வதந்தி வேறு.

"என்னாங்க, சாப்பாட்டு மேசை எப்ப திரும்பக் கிடைக்கும்?" என்றாள் என் மனைவி லோகேஸ்வரி. ஆறு மாதமாகப் போர்டு மேசைமேல். நாங்கள் மடியில் தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம்.

"கமலநாதன் சாவியைக் குடுத்த மறுநாள்."

"அவர் எப்ப குடுப்பார்?"

"நான் டேட்டாவைக் குடுத்த மறுநாள்."

"நீங்க எப்ப குடுப்பீங்க?"

"அவன் சாவியைக் குடுத்த மறுநாள்."

"உங்களுக்கு நாப்பத்தெட்டு வயசு."

"அவனுக்கு நாப்பத்தொம்பது."

அவள் தட்டை வைத்துவிட்டு அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மலருக்கு அதிரசம் கொண்டுபோகலாம் என்றாள். மலர், கமலநாதனின் மனைவி. எதிரியின் கோட்டைக்கே போகிறோம் என்று எனக்கு உற்சாகம். டப்பாவை நானே தூக்கிக்கொண்டேன்.

பெண்கள் அடுப்படிக்குப் போனார்கள். வாசலில் போர் மூண்டது.

"நீங்க முதல்ல அனுப்புங்க விமலன் பாஸ். அஞ்சு நிமிஷத்துல நான் அனுப்பறேன்" என்றான் கமலநாதன்.

"அஞ்சு நிமிஷம் எதுக்கு? என் டேட்டாவை உங்க பேர்ல போடறதுக்கா?"

"என்னை நம்பலியா?"

"நம்பறேன். அதான் நீங்க முதல்ல."

காப்பி ஆறியது. நான் அசையவில்லை. கிளம்பும்போது மலர் டப்பாவைத் திருப்பித் தந்தாள். "வெறும் டப்பாவா குடுத்தா நல்லாருக்காது லா. உருளைக்கிழங்கு கறிபாப் பொரிச்சுப் போட்டிருக்கேன்." கமலநாதன் கதவுவரை வந்து வழியனுப்பினான், முகம் செத்து. ஃபெடரல் ஹைவே முழுக்க நான் விசிலடித்தபடி ஓட்டினேன். ஒரு பைட்டு போகவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தேன். சாப்பாட்டு மேசையில் சோறு, குழம்பு, இரண்டு தட்டு. போர்டைக் காணோம். ஓரத்தில் என் மடிக்கணினி. திரையில் விமானங்கள் பறந்துகொண்டிருந்தன.

என் கண் கலங்கியது. உலகிலேயே முதன்முறை. பிரேசில்காரன் தோற்றான்.

"எப்படி?"

"ரெண்டு ஃபைலையும் ஒரே ஃபோல்டர்ல போட்டா போதும்னு ஆறு மாசமா நீங்கதானே சொல்றீங்க."

"சாவி ஏது?"

"கறிபாப்புக்கு அடியில, பென்டிரைவ்ல. பிளாஸ்டிக்ல சுத்தி."

"அப்ப என் டேட்டா?"

"அதிரசத்துக்கு அடியில." அவள் குழம்பை ஊற்றினாள். "நாங்க யார் முதல்லன்னு கேட்டுக்கல. டப்பா போச்சு, வந்துச்சு."

போனால் போகட்டும். வெற்றி வெற்றிதான். கை கழுவாமல் குழுவைத் திறந்தேன், என் பெயரில் அறிவிக்க. மத்தியானமே அறிவிப்பு வந்திருந்தது. நூற்றுப்பத்துப் பேர் வாழ்த்தியிருந்தார்கள். தலையில் லோகேஸ்வரி, மலர் என்று இரண்டு பெயர்கள்.

அடியில், நன்றி வரியில்: "டப்பா தூக்கியவர், விமலன்."