ரிலே போனில் இனிக்க இனிக்கப் பேசாதே

ராச்செஸ்டர், ஜனவரி

அன்புள்ள தங்கை லவீனாவுக்கு,

உன் அண்ணன் வெர்னன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பஃபலோவில் நலமாக, முக்கியமாகச் சூடாக, இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சூடாக இல்லை. புதுவீட்டுக்கு வந்த கையோடு ஹீட்டர் படுத்துவிட்டது. உன் அண்ணி ஹில்டா கோட்டு, தொப்பி சகிதம் படுக்கையில் கிடந்து இருமுகிறாள். அவள் நெஞ்சு எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். எனக்குப் பயம் வந்துவிட்டது.

சரி, ரிப்பேர்காரனைக் கூப்பிடுவோம் என்று ரிலேயில் போன் போட்டேன். உனக்குத் தெரிந்ததுதான், செவிடர்களான எங்களுக்கு அதுதானே போன்: நான் தட்டச்சு செய்வதை நடுவில் ஒரு பெண் வாய்விட்டுப் படிப்பாள், அந்தப் பக்கம் பேசுவதை எனக்குத் தட்டச்சு செய்து அனுப்புவாள். "ரிலேயிலிருந்து பேசுகிறோம்" என்று அவள் சொன்னதுமே ஒருத்தன் வைத்தான், இன்னொருத்தன் வைத்தான், திரையில் "வைத்துவிட்டார், வைத்துவிட்டார்" என்றே வருகிறது. கடைசியில் பிலார்ஸ்கி என்று ஒருத்தன் மட்டும் வாயைத் திறந்தான்: "திருட்டுப் பசங்களா! போன மாசம் இதே மாதிரி செவிடன்னு சொல்லி, திருட்டுக் கார்டு நம்பரைக் குடுத்து, ஒரு வண்டி ஹீட்டரை வெளிநாட்டுக்கு அனுப்ப வெச்சீங்களே, போதாதா?" எனக்கு வந்ததே கோபம்! ஹில்டா பக்கம் திரும்பிக் கையால் சொல்ல வேண்டியதை, குளிரில் புத்தி மரத்துப்போய், தட்டச்சில் அடித்துவிட்டேன்: "இந்தத் தடிமாடு கிட்ட என்னத்தப் பேசறது?" ரிலேப் பெண் பாவம், என்ன செய்வாள், அடித்ததெல்லாம் படிக்க வேண்டும் என்பதுதானே விதி. அட்சரம் பிசகாமல் படித்துவிட்டாள். "வைத்துவிட்டார்."

வேறு வழியில்லாமல் பனியில் நடந்தே அவன் கடைக்குப் போனேன். ஆள் நிஜமாகவே தடிமாடுதான். நிலைமையை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, தாளைத் திருப்பி எழுதினான்: "தடிமாடுன்னு சொன்னது நீதானா?" தலையாட்டினேன். அடி விழும் என்று நினைத்தால், மனுஷன் வயிறு குலுங்கச் சிரிக்கிறான்! "அப்பவே சந்தேகம்தான்யா. அந்தத் திருடன் ஒரு தடவைகூடத் திட்டல. 'அன்புள்ள ஐயா, கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்'னு தேன் ஒழுகப் பேசினான்" என்று அடியில் எழுதினான்.

அவனையும் குற்றம் சொல்ல முடியாது, லவீனா. ஏமாந்த வயிற்றெரிச்சல். ரிலேப் பெண்ணும் திருடனுக்குக் கூட்டு என்றே நினைத்திருந்தான். திருடன் என்று தெரிந்தாலும் அவள் குறுக்கே பேசக் கூடாது, அது சட்டம் என்று எழுதிக் காட்டினேன். "வைக்காதே, வீட்டுக்கு வரட்டுமான்னு கேளு. திருடன் மழுப்புவான், நிஜச் செவிடன் 'சீக்கிரம் வாய்யா'ன்னுதான் சொல்வான்" என்றும் எழுதினேன். அதைப் பெரிதாக எழுதிப் போனுக்கு மேலே ஒட்டிவிட்டான். அன்று சாயங்காலமே வந்து ஹீட்டரைச் சரி செய்தான். ஹில்டா தொப்பியைக் கழற்றிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆகவே தங்கையே, ரிலேயை நம்பாதவர்களைக் கண்டால் நீயும் எடுத்துச் சொல். கேட்காமலேயே பட்டென்று போனை வைப்பது மகா பாவம். மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அண்ணன்,
வெர்னன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது போன் விளக்கு மின்னியது. ரிலேதான். "என் அருமை அண்ணா, நான் லவீனா. கண்ணா, உனக்குக் கம்பளி அனுப்பப் போறேன், புது விலாசம் சொல்லு செல்லம்" என்று வந்தது. என் தங்கச்சி பேரைக்கூடத் தெரிஞ்சு வெச்சிருக்கான் படுபாவி என்று, "போடா திருட்டு நாயே" என்று அடித்துப் பட்டென்று வைத்துவிட்டேன். ஹில்டா தலையில் அடித்துக்கொண்டு, "உங்க தங்கச்சிக்குப் புது விலாசம் குடுத்தீங்களா?" என்கிறாள். குடுக்கலையே! பிறந்த நாளிலிருந்து நீ என்னைக் கண்ணா என்றதும் இல்லை, செல்லம் என்றதும் இல்லை. நான் எப்படியம்மா நம்புவேன்? தயவுசெய்து மறுபடி கூப்பிடு. எடுத்ததும் முதலில் திட்டு.